நான்காவது தடவையில் நின்ற ஒட்டு

ஆகஸ்ட் 1, இங்கிலாந்தின் அறுவடைத் திருநாளான லாமாஸ் நாளுக்குள், கோதுமைத் தாளில் (கதிரின் காய்ந்த தண்டில்) பின்னும் பாவையான கார்ன் டாலியை முடித்துவிடுவதாக வீட்டில் சவால் விட்டிருந்தேன். முடியவில்லை. ஆனால் மூன்று தடவை பாதியில் உருவிக்கொண்ட ஐந்து தாள் சுருள், இந்தத் தடவை பன்னிரண்டு ஒட்டுகளை, அதாவது ஒரு தாளோடு அடுத்த தாளைச் சேர்த்த இடங்களை, தாண்டியும் அசையாமல் நிற்கிறது.

முந்தைய தோல்விகளில் பாதிப் பழி தாளுக்கு. கைவினைக் கடை ஒன்றில் வாங்கிய கட்டு முழுவதும் இயந்திரத்தில் நசுங்கிய சரக்கு. இக்காலக் கோதுமையோ குட்டை ரகம். கதிருக்கும் முதல் கணுவுக்கும் நடுவே பின்னுவதற்கு நீளம் எங்கே இருக்கிறது? கடைசியில், கூரை வேய்வோருக்காக மாரிஸ் விட்ஜன் என்ற கோதுமை ரகத்தைப் பயிரிடும் விவசாயி ஒருவரைப் பிடித்தேன். நெட்டைத் தாள், உள்ளே நல்ல குழல். விலையைக் கேட்டால் வயிறு எரியும். என்றாலும் அடுத்த ஜூலையில், முற்றும் முன்பே லேசான பச்சையில் அறுத்த கட்டு இரண்டு வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.

மீதிப் பழி என் கைக்கு. புதுத் தாளின் மெல்லிய முனையைப் பழைய தாளின் தடித்த வாய்க்குள் செருக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த இடத்தில் செருகுவது என்பதில்தான் மூன்று வாரம் போனது. நான் மடிப்பு முடிந்த பிறகு செருகிக்கொண்டிருந்தேன். அடுத்த சுற்றில் இழுத்ததும் கழன்றுவிடும். மடிப்புக்குச் சற்று முன்பே செருகினால், அடுத்து மேலே விழும் தாள் ஒட்டை அமுக்கிப் பிடித்துக்கொள்கிறது. முனையைச் சாய்வாக வெட்டி, இறுகும் வரை தள்ள வேண்டும். அதற்கு மேல் தள்ளினால் வாய் கிழியும். இரண்டு ஒட்டுகள் அடுத்தடுத்து வரவே கூடாது. தாள்களை மெலிசு, நடுத்தரம், தடிசு என்று முன்பே பிரிக்காதவர் என்னைப் போல அழுவார். பசை தொடுவது எனக்குப் பிடிக்காது, அது பிடிவாதம்தான்.

சுருள் அகலமாகிவிட்டது, இனி உள்வாங்கிக் குறுக்க வேண்டும். ஆனால் மனம் அதற்குள் ரொட்டிக்குப் போய்விட்டது. லாமாஸ் என்ற பெயரே பழைய ஆங்கிலத்தில் ‘ரொட்டிப் பூசை’ என்று பொருள்படும் ஹ்லாஃப்மாஸே. 11ஆம் நூற்றாண்டு மந்திரக் குறிப்பு ஒன்று, அன்று ஆசீர்வதித்த ரொட்டியை நான்கு துண்டாக்கிக் களஞ்சியத்தின் நான்கு மூலைகளிலும் நொறுக்கிப் போடச் சொல்கிறது. எதற்கு? எலி கதிர்க்கட்டைத் தொடாமலிருக்க! எலிக்கே விருந்து வைப்பது போல எனக்குத் தோன்றுகிறது. போன வருடம் சமையலறையில் மாட்டிய பாவையின் கதிர்களை ஒரே இரவில் உருவித் தின்ற எலியை நினைத்தால், அதையும் செய்து பார்க்கலாம்.

அறுவடைக்கால ரொட்டியைக் கதிர்க்கட்டு வடிவில் செய்து, அதன் தண்டில் ஒரு மாவு எலியை ஏற்றிவிடுவது இங்கிலாந்து அடுமனைகளின் வழக்கம். உப்பு கூட்டி, ஈஸ்ட் குறைத்து, மாவைக் கெட்டியாகப் பிசைய வேண்டும். மாவு பொங்கினால் வடிவம் போய்விடும். எலியை மட்டும் நேற்றே செய்து பார்த்தேன். பன்றிக்குட்டி போல வந்திருக்கிறது.

நனைத்த தாள்கள் ஈரத்துண்டில் காத்திருக்கின்றன. முதலில் சுருளைக் குறுக்குகிறேன்.