17 வருஷம் லேட்டான விதி

அமெரிக்கால 2007லயே அப்போதைய அதிபர் புஷ் கையெழுத்து போட்ட சட்டம் இது, புதுசா கட்டுற, பெரிய அளவுல புதுப்பிக்கிற ஃபெடரல் (மத்திய அரசு) கட்டடங்கள்ல கேஸ், எண்ணெய், நிலக்கரி மூலமா வர்ற எனர்ஜிய 2003 அளவுலருந்து 2010ல 55 சதவீதம் குறைக்கணும், படிப்படியா ஏறி 2030ல 100. ஆனா அத அமல்படுத்துற விதிய எரிசக்தித் துறை இறுதி செஞ்சது 2024லதான்! எனக்கு தாங்கவே முடியல. கட்டடத்த சூடாக்குற ஒரு கேஸ் பாய்லர பேஸ்மென்ட்ல மாட்டிட்டா அது பாட்டுக்கு இருபது வருஷத்துக்கு மேல ஓடும்ங்க, இடையில கழட்ட யாருக்கும் மனசு வராது, அப்போ இந்த இடைவெளில எத்தன மாட்டியிருப்பாங்க? அதுக்கு பதிலா கரண்ட்ல ஓடுற ஹீட் பம்ப் இருக்கு, அது வெளிக்காத்துல இருக்குற சூட்டையே இழுத்து உள்ள தள்ளுது, அதனாலதான் ஒரு யூனிட் கரண்டுக்கு ரெண்டு மூணு யூனிட் சூடு கிடைக்குது. இனிமே டிசைன் போடுறவங்களாச்சும் முதல்ல சூடு வெளிய போகாம சுவருக்கு இன்சுலேஷன், ஜன்னல் இடுக்க அடைக்கிறதுன்னு ஆரம்பிக்கட்டும், அப்புறம் சின்ன ஹீட் பம்ப்பே போதும்.