கையைத் தூக்கினது நான்தான்

நான் பதினோரு வருஷம் வீடு வீடா போய் வாட்டர் ப்யூரிஃபையர் வித்தவன். முகப்பேர், வில்லிவாக்கம், கொளத்தூர் பக்கம் பாதி அப்பார்ட்மென்ட் வாட்ச்மேனுக்கு என் மூஞ்சி தெரியும். டெமோன்னு ஒண்ணு காட்டுவோம், உங்க வீட்லயும் யாராவது வந்து காட்டியிருப்பாங்க. ஒரு டம்ளர்ல உங்க குழாத் தண்ணி, இன்னொரு டம்ளர்ல எங்க மெஷின் தண்ணி, ரெண்டுலயும் கம்பி வெச்ச ஒரு சாமானை விட்டு கரண்ட் குடுத்தா ஒரு நிமிஷத்துல உங்க தண்ணி செங்கலைக் கரைச்ச மாதிரி ஆயிடும், எங்களது அப்படியே நிக்கும். வீட்டம்மா வாய்ல கை வெச்சுக்குவாங்க, "இதையா என் புள்ளைக்கு குடுத்துட்டிருந்தேன்"னு. அங்கயே பாதி சேல்ஸ் முடிஞ்சுது.

ஆனா அந்த அழுக்கு தண்ணில இருந்து வரல, கம்பில இருக்கற இரும்பு கரைஞ்சு வர்றது. உப்பு இருக்கற தண்ணில கரண்ட் நல்லா ஓடும், இரும்பு கரையும். ஆர்ஓ தண்ணில உப்பு கம்மி, கரண்ட் சரியா ஓடாது, அவ்ளோதான் விஷயம். இது எனக்கு ரெண்டாவது வருஷமே தெரியும். தெரிஞ்சும் ஒன்பது வருஷம் காட்டினேன், அது வேற கதை.

இப்படிப்பட்ட நான் போன வருஷம் ஒரு "வாழ்க்கை மாற்றப் பயிற்சி"க்கு 24,999 ரூபா கட்டிட்டு வந்தேன். கோவம் தணிய இவ்ளோ நாள் ஆச்சு, இப்பதான் உக்காந்து எழுதறேன்.

ஆரம்பிச்சது என் பெரியம்மா பையன். "டேய், ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை, ரெண்டு மணி நேரம், 99 ரூபா, பிடிக்கலன்னா அந்தக் காசை நான் தரேன்டா"ன்னாரு. அண்ணன் கூப்பிட்டா எப்படி மாட்டேன்றது. வடபழனில ஒரு சின்ன ஹால், ஏசி நல்லா குளிர குளிர. வாசல்ல ஒரு டேபிள், வெள்ளை டீ ஷர்ட் போட்ட பசங்க சிரிச்சுக்கிட்டே ஒரு ஃபார்ம் குடுத்தாங்க. பேரு, வயசு, வேலை, அப்புறம் "இப்போது உங்களை வாட்டும் மூன்று பிரச்சனைகள்". நானும் ஸ்கூல் பையன் மாதிரி உக்காந்து எழுதினேன். கடன். வீட்ல பேச்சு கொறைஞ்சு போச்சு. அப்பா. (அப்பா தவறி ரெண்டு வருஷம் ஆகுது, ஆஸ்பத்திரில கடைசி வாரம் நான் சரியா பேசல, அதுக்கு மேல இங்க வேணாம்.)

உள்ள போனா பாட்டு, கைதட்டல், எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க, பக்கத்துல இருக்கறவங்களை கட்டிப் புடிங்கன்னு அரை மணி நேரம் ஓடுச்சு. அப்புறம் மாஸ்டர் வந்தாரு. அவரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்க. மேடைல கொஞ்ச நேரம் கண்ணை மூடிட்டு நின்னுட்டு, "இந்த ஹால்ல ஒருத்தர் இருக்கார், அப்பாகிட்ட சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையை சொல்லாமலே விட்டவர்"னாரு. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. சத்தியமா அந்த நேரத்துல நான் எழுதிக் குடுத்த ஃபார்ம் எனக்கு ஞாபகத்துக்கே வரல.

1986-ல அமெரிக்கால பீட்டர் பொபாஃப்னு ஒரு மத போதகர் இதே வேலையைத்தான் பண்ணிட்டிருந்தாரு. முன்ன பின்ன தெரியாதவங்களோட பேரு, வீட்டு அட்ரஸ், வியாதி எல்லாம் கடவுள் காதுல சொல்றதா சொல்லுவாரு. ஜேம்ஸ் ராண்டின்னு ஒரு மேஜிஷியன், அவரோட ஆளுங்க ரேடியோ ஸ்கேனரோட கூட்டத்துக்குப் போய் 39.17 மெகாஹெர்ட்ஸ்ல புடிச்சாங்க, பேசினது கடவுள் இல்ல, பொபாஃபோட பொண்டாட்டி. ஜனங்க முன்னாடியே எழுதிக் குடுத்த பிரார்த்தனை சீட்டைப் பாத்து இந்த அம்மா சொல்ல சொல்ல அவரு காதுல மாட்டியிருந்த ரிசீவர்ல கேட்டுட்டு பேசியிருக்காரு. நம்மாளுக்கு அந்த செலவு கூட இல்ல. ஃபார்மை ஒருதரம் புரட்டியிருந்தாலே போதும்.

புரட்டாம விட்டிருந்தாலும் போதும்ன்றதுதான் கொடுமை. அந்த ஹால்ல 140 பேர் இருந்திருப்போம், முக்கால்வாசி நாப்பது தாண்டினவங்க, அப்பாகிட்ட சொல்லாம விட்ட வார்த்தை இல்லாத ஆம்பளை தமிழ்நாட்டுல எங்க இருக்கான் சொல்லுங்க. மேற்கு மாம்பலத்துல நாங்க இருந்தப்ப விடியக்காலைல ஒரு குடுகுடுப்பைக்காரர் வருவாரு. "இந்த வீட்டு தாயி ரொம்ப கஷ்டப்பட்டா, கை கொடுத்தவனே காலை வாரிட்டான், தை பொறந்தா நல்ல காலம் பொறக்குது"ம்பாரு. அம்மா "பாத்தியாடா, எப்படி கரெக்டா சொல்றான்"னு அரிசி எடுக்கப் போவாங்க, ஆனா பக்கத்து வீட்லயும் அதையேதான் சொல்லியிருப்பாரு, அங்கயும் ஒரு தாயி கஷ்டப்பட்டுட்டுதான் இருந்தாங்க.

இதை 1948-லயே பெர்ட்ராம் ஃபோரர்னு ஒரு சைக்காலஜி வாத்தியார் செஞ்சு காட்டியிருக்காரு. 39 பசங்களுக்கு ஒரு டெஸ்ட் வெச்சு, உனக்குன்னே எழுதினதுன்னு ஆளுக்கு ஒரு குணாதிசயப் பேப்பர் குடுத்தாரு. எவ்ளோ பொருந்துதுன்னு அஞ்சுக்கு மார்க் போடச் சொன்னா சராசரி 4.26. எல்லார் கைலயும் இருந்தது ஒரே பேப்பர், அதுலயும் கடைல விக்கற ஜோசிய புஸ்தகத்துல இருந்து எடுத்த வரிங்க.

சரி ஹாலுக்கு வருவோம். "யாருக்கெல்லாம் சந்தோஷமா இருக்கணும்? கையைத் தூக்குங்க." எல்லாரும் தூக்கினோம். "யாருக்கெல்லாம் குடும்பம் நல்லா இருக்கணும்?" தூக்கினோம். "குடும்பத்துக்காக எதையும் செய்வேன்றவங்க யாரு?" தூக்கினோம், அண்ணன் ரெண்டு கையையும் தூக்கினாரு. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு, ஏன்னா இதை நானே புதுசா சேர்ற பசங்களுக்கு கிளாஸ் எடுத்திருக்கேன். மூணு கேள்விக்கு ஆமான்னு சொல்ல வெச்சுட்டு நாலாவதா விலையைச் சொல்லு, அவங்க சொன்ன ஆமாவை அவங்களாலயே வாபஸ் வாங்க முடியாதுன்னு. 1966-ல கலிஃபோர்னியால ஃப்ரீட்மேன், ஃப்ரேசர்னு ரெண்டு பேரு வெளியிட்ட ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு. வீட்டு வாசல்ல அசிங்கமான ஒரு பெரிய "கவனமாக ஓட்டவும்" போர்டு நட்டுக்கறீங்களான்னு நேரா போய் கேட்டா 17 சதவீதம் பேர்தான் சரின்னாங்க. ரெண்டு வாரம் முன்னாடியே அதே விஷயத்துக்காக ஒரு குட்டி ஸ்டிக்கரை ஒட்டிக்க ஒத்துக்கிட்டவங்ககிட்ட கேட்டா 76 சதவீதம். 99 ரூபா டிக்கெட்னா அந்த ஸ்டிக்கர்தான். ஹால் வாடகைக்கே அது பத்தாது.

இவ்ளோவும் தெரிஞ்சவன் ஏன்டா கட்டினேன்னு கேப்பீங்க. தெரியறதுக்கும் தப்பிக்கறதுக்கும் சம்பந்தம் இல்லைங்க, அது எனக்கே அன்னிக்குதான் புரிஞ்சுது. "ஆஹா இது யெஸ் செட் (அந்த மூணு ஆமா), இது ஆங்கர் (முதல்ல பெரிய விலையைக் காட்டி அப்புறம் கொறைக்கறது)"னு மனசுக்குள்ள டிக் அடிச்சுக்கிட்டே, நமக்குதான் எல்லாம் தெரியுமே, நம்மள எவன் ஏமாத்த முடியும்ன்ற தைரியத்துலயே கியூவுல நின்னேன். ஸ்க்ரீன்ல 1,20,000னு போட்டு சிவப்புல அடிச்சாங்க, 60,000 போட்டு அதையும் அடிச்சாங்க, கடைசில 24,999, "இன்னைக்கு ஹாலை விட்டு வெளிய போறதுக்குள்ள மட்டும்". பக்கத்துலயே கார்டு மெஷின், ஆறு மாச இஎம்ஐ. இந்த பொய் அவசரம் காட்டறதை 2023 நவம்பர்ல மத்திய அரசு கொண்டு வந்த டார்க் பேட்டர்ன் (வாங்கறவங்களை ஏமாத்தற தந்திரம்) விதிமுறைல 13 வகைல ஒண்ணா போட்டு தடை பண்ணியிருக்காங்க, ஆனா அது ஆன்லைன்ல விக்கறவங்களுக்கும் விளம்பரத்துக்கும் எழுதினது, வடபழனி ஹாலுக்குள்ள மைக்ல கத்தறவரை யாரு போய் கேக்கறது. அடுத்த ஞாயிறும் அதே ஹால், அதே 24,999, அதே இன்னைக்கு மட்டும், அண்ணனே அப்புறம் சொன்னாரு.

அந்த 24,999க்கு ஒரு கேம்ப், ஈசிஆர்ல, கோவளம் தாண்டி. மூணு நாள். போன உடனே ஃபோனை வாங்கி கவர்ல போட்டு பேர் எழுதிட்டாங்க. காலைல அஞ்சு மணிக்கு எழுப்பி ராத்திரி பன்னெண்டு வரைக்கும் செஷன், சாப்பாடு கொஞ்சமா, நடுவுல பாத்ரூம் போகணும்னா கை தூக்கி பர்மிஷன், "உங்க மனசுதான் தப்பிக்கப் பாக்குது, உக்காருங்க"ன்னு ஒரு அம்மாவை உக்கார வெச்சாங்க, அவங்களுக்கு சுகர் போல, மூஞ்சே சரியில்ல. எனக்கு அங்கதான் முதல் தடவை பயம் வந்துச்சு. வீட்டுக்கு வந்து தேடினப்பதான் இது அம்பது வருஷப் பழசுன்னு தெரிஞ்சுது, 1971-ல சான் ஃபிரான்சிஸ்கோல வெர்னர் எர்ஹார்ட்னு ஒருத்தர் எஸ்ட்னு ஆரம்பிச்ச ட்ரெய்னிங், ஹோட்டல் ஹால்ல மணிக்கணக்கா உக்கார வெச்சு பாத்ரூமுக்கு விடாததுக்கே பேர் போனது. அவரு அதுக்கு முன்னாடி என்ன பண்ணாருன்னு பாத்தா கார் வித்திருக்காரு, என்சைக்ளோபீடியா வித்திருக்காரு. அட நம்ம ஆளு!

ரெண்டாவது நாள் ராத்திரி தீ மேல நடக்கறது. "இதைத் தாண்டிட்டீங்கன்னா வாழ்க்கைல எதையும் தாண்டலாம்"னு ஒரே கத்தல். நம்ம ஊர்ல திரௌபதி அம்மன் கோயில்ல காப்பு கட்டி, விரதம் இருந்து, மஞ்சத்துணியோட எங்க சித்தி வருஷா வருஷம் பூக்குழி இறங்குவாங்க, ஒருத்தர்கிட்டயும் இஎம்ஐ கேட்டதில்ல. கரி சூட்டை மெதுவாத்தான் கடத்தும், கால் படற நேரமும் கம்மி, வேகமா நடந்தா பெரும்பாலும் சுடாது, நின்னா சுடும். 2016-ல டல்லாஸ்ல டோனி ராபின்ஸ்னு ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர் நடத்துன நிகழ்ச்சில 30 பேருக்கு மேல சுட்டுச்சு. நான் நடந்தேன், சுடல, ஊரே கைதட்டுச்சு, அந்த நிமிஷம் எனக்கு மாஸ்டர் கடவுள் மாதிரி தெரிஞ்சாரு, பொய் சொல்ல விரும்பல.

சந்தேகம் கேக்கறவங்களுக்குன்னு ஒரே பதில்தான் வெச்சிருந்தாங்க, "இது உங்க ஈகோ பேசுது". கேள்வி கேட்டா ஈகோ, அமைதியா இருந்தா தடுப்பு, அழுதா திறந்துட்டீங்க. என் மெஷின்ல கூட உங்க தண்ணி கலங்கினாதான் பிரச்சனை, இங்க கலங்கினாலும் கலங்காட்டியும் ஃபில்டர் வாங்கணும்.

மூணாவது நாள் சாயந்திரம் லெவல் 2. ஒரு லட்சம் பிளஸ் ஜிஎஸ்டி. எங்க குரூப்ல பதினோரு பேர் கட்டினாங்க. நான் கட்டாததுக்கு காரணம் புத்தி இல்ல, கார்டுல லிமிட் இல்ல.

அம்மா பத்தியும் சொல்லணும், ஏன்னா அவங்களும் அப்பா போனதுல இருந்து ஆவடி தாண்டி ஒரு சாமியார்கிட்ட போறாங்க. அங்க காசே கேக்கறதில்லடான்னு பெருமையா சொல்லுவாங்க. கேக்க மாட்டாங்க. முதல்ல பிரசாதம், அப்புறம் ஒரு ருத்ராட்சம் சும்மா, அப்புறம் சமையல்கட்டுல சேவை, இப்போ மாசம் அன்னதானத்துக்கு 1,500. சும்மா வாங்கினதை வெச்சுக்கிட்டு கை கட்டிட்டு நிக்க நம்ம ஜனங்களுக்கு மனசு வராது. சாமியார் கைல இருந்து திருநீறு கொட்டுதாம், கஞ்சித் தண்ணில திருநீறைப் பிசைஞ்சு உருண்டை புடிச்சு காய வெச்சு விரலிடுக்குல ஒளிச்சு நசுக்கறதை பகுத்தறிவாளர் பிரேமானந்த் ஊர் ஊரா மேடைல செஞ்சு காட்டியிருக்காரு, அந்த வீடியோவை அம்மாகிட்ட போட்டுக் காட்டினேன். முழுசா பாத்துட்டு, "அவன் ஏமாத்தறான், எங்க சாமி நிஜம்"னாங்க. விட்டுட்டேன். அங்க போனா அவங்களுக்கு பேச நாலு பொம்பளைங்க இருக்காங்க, நான் வாரத்துல எவ்ளோ நேரம் பேசறேன்னு யோசிச்சா வாய் அடைச்சுப் போவுது.

கேம்ப் முடிஞ்சு மூணு வாரத்துல எல்லாம் பழையபடி. கடன் அப்படியே, வீட்ல பேச்சு அப்படியே. ஃபோன் பண்ணி ரீஃபண்ட் கேட்டேன். ஒரு பொண்ணு, குரல் தேன் மாதிரி, "சார் 21 நாள் ப்ராக்டிஸ் ஒருநாள் கூட விடாம பண்ணீங்களா?"ன்னு கேட்டாங்க. ஒருநாள் விட்டேன்மா, எங்க மச்சான் கல்யாணம். "அதான் சார்."

இதெல்லாம் கூட போகட்டும், காசுதானே. மூணாவது நாள் லெவல் 2 பேச்சுக்கு முன்னாடி, தூக்கமில்லாம, தீ மிதிச்ச மப்புல, ஒவ்வொருத்தரையா கேமரா முன்னாடி நிக்க வெச்சு ஷேரிங் எடுத்தாங்க. நான் அழுதுட்டே அப்பாவைப் பத்திப் பேசினேன், இத்தனை வருஷம் இருட்டுல இருந்தேன், மாஸ்டர் லைட் போட்டாருன்னு பேசினேன். யாரும் எழுதிக் குடுக்கல, எல்லாம் என் சொந்த வார்த்தை. அந்த வீடியோவை நீக்கச் சொல்லி மூணு தடவை மெயில் போட்டாச்சு, முதல் நாள் ஃபார்ம்லயே கையெழுத்து வாங்கியிருக்காங்களாம். பதினோரு வருஷத்துல என்னால வாங்க முடியாத மாதிரி ஒரு கஸ்டமர் டெஸ்டிமோனியல், அதுக்கு நானே காசு கட்டியிருக்கேன்.

போன வாரம் என் கூட வேலை பாத்தவரோட தம்பி ஃபோன் பண்ணான். அம்பத்தூர்ல லேத்து வேலை, கல்யாணத்துக்கு வாங்கின கடன். "அண்ணா, உங்க வீடியோ பாத்தேன், சேரலாமாண்ணா?" அரை மணி நேரம் பேசினேன், ஃபார்ம்ல இருந்து தீ வரைக்கும், இப்போ இங்க எழுதின எல்லாத்தையும் சொன்னேன். ஒழுங்கா கேட்டான், உம் உம்னு போட்டான், கடைசில, "புரியுதுண்ணா. ஆனா 2,000 டோக்கன் கட்டிட்டேன்ணா, ஞாயித்துக்கிழமை சும்மா போய்ப் பாத்துட்டு வந்துடறேன்"னான்.

வெக்கறதுக்கு முன்னாடி இன்னொண்ணும் சொன்னான். "வீடியோல ரொம்ப உண்மையா பேசியிருந்தீங்கண்ணா."