இஞ்சி டீயில் பால் ஏன் திரிகிறது?

பச்சை இஞ்சியைத் தட்டி நேராகப் பாலில் போடாதீர்கள். அதில் புரதத்தைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. பால் சூடேறும்போதே திரிந்துவிடும். முதலில் தண்ணீரில் இஞ்சியைத் தளதளவென்று கொதிக்கவிட்டால் நொதி செயலிழந்துவிடும், பிறகு பால் சேர்க்கலாம். அதே நொதிதான் இஞ்சி விழுது தடவி ஊறவைத்த ஆட்டுக்கறியைப் பஞ்சாக வேகவைக்கிறது. எவ்வளவு அருமையான கிழங்கு!

குமட்டலுக்கு இஞ்சிச் சாறு கைகண்ட மருந்து. பிழிந்த சாற்றைச் சிறிது நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் வெள்ளையாக மாவு படியும். தெளிவை மட்டும் இறுத்து, தேன் கலந்து குடியுங்கள்.

காய்ந்து சுக்கானால், இஞ்சியிலுள்ள ஜிஞ்சரால் என்ற காரப்பொருள், ஷோகால் என்ற இன்னொரு காரப்பொருளாக மாறும். காரம் இன்னும் ஏறும். ஆகவே சுக்கை அளவாகவே போடுங்கள். ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், தினமும் இஞ்சிச் சாறு குடிக்கும் முன் மருத்துவரைக் கட்டாயம் கேளுங்கள்.