இடமிருந்து வலமாக

நான் எழுதி, ஒரு எழுத்துகூட வெட்டுப்படாமல் செய்தித்தாளில் அச்சான முதல் வாக்கியம் ஒரு திருத்தம். 'வருந்துகிறோம்' என்று முடியும். கத்தரித்து ஃபைலில் வைத்திருக்கிறேன்.

இதழியல் மூன்றாம் ஆண்டில் ஒரு மாதம் பத்திரிகை அலுவலகத்தில் பயிற்சி. சம்பளம் கிடையாது, முடிவில் சான்றிதழ் உண்டு. வகுப்பில் நெல்லி பிளையைப் படித்த சூட்டோடு போய்ச் சேர்ந்தேன். 1887-இல் மனநலம் பாதித்தவர்போல நடித்து நியூயார்க்கின் மனநல விடுதிக்குள் நுழைந்த பெண் நிருபர் அவர். பத்து நாள் உள்ளே இருந்து, அங்கே நடந்ததை வெளியே கொண்டுவந்தார். எனக்கும் பத்து நாள் வாய்த்தது, ஓர் அதிகாரியின் அறைக்கு வெளியே. "சார் மீட்டிங்ல இருக்கார்" என்ற ஒரே பதில்தான் தினமும். பதினோராவது நாள் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது.

மீதி நேரமெல்லாம் பிரஸ் நோட்டைச் செய்தியாக மாற்றும் வேலை. 'மாபெரும்', 'வரலாற்றுச் சிறப்புமிக்க' ஆகியவற்றைப் பிடுங்கி எறிந்தால் பெரும்பாலும் மூன்று வரிதான் மிஞ்சும். அப்படி ஒரு நோட்டின் அடியில் எங்கள் கல்லூரி சீனியரின் பெயர் இருந்தது. போன் செய்தேன். ஒரு நிறுவனத்தின் மக்கள் தொடர்புப் பிரிவில் இருக்கிறாராம். "மாபெரும்னு எழுதத்தான்டா எனக்குச் சம்பளம்" என்றார். அதை எடுக்கிற எனக்குச் சான்றிதழ். இன்னொரு சீனியர் மெத்தை விற்கும் இணையதளத்துக்குக் கன்டென்ட் எழுதுகிறார். தலையணையை மட்டும் வைத்தே நாற்பது கட்டுரை எழுதிவிட்டாராம். நிருபராகவே ஆன சீனியர் ஒருவரும் உண்டு, ஆனால் அவர் போனை எடுப்பதில்லை. வேலை அப்படி.

வீட்டில் பெரியப்பாவுக்கு இதெல்லாம் கணக்கே இல்லை. பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான்: "எந்த சேனல்ல வருவே?"

சரி, திருத்தத்துக்கு வருகிறேன்.

ஒரு சங்கத்தின் விருது விழா. நிருபர்கள் வேறு வேலையில் இருந்ததால் என்னை அனுப்பினார்கள். "செய்தி சின்னதாப் போதும், படத்துல இருக்கிறவங்க பேரு மட்டும் தப்பாகக் கூடாது" என்று தலைமைத் துணை ஆசிரியர் மூன்று முறை சொல்லி அனுப்பினார். நானும் உறுதியாகத்தான் இருந்தேன். மேடையில் ஐந்து பேர். முன்னால் ஒரே கூட்டம். பக்கவாட்டுப் படியில் ஏறி நாற்காலிகளுக்குப் பின்னால் போய், ஒவ்வொருவராகக் குனிந்து கேட்டு, முதலெழுத்து உட்பட வரிசையாகக் குறித்துக்கொண்டேன். நிகழ்ச்சி முடிகிறவரை அங்கேயே நின்றேன். அலுவலகத்துக்கு வந்து, 'இடமிருந்து வலமாக' என்று தொடங்கி நோட்டில் இருந்தபடியே அடித்துக் கொடுத்தேன்.

போட்டோகிராபர் அண்ணன் படம் எடுத்தது மேடைக்கு முன்னாலிருந்து.

அதாவது என் இடம் படத்தின் வலம். முகத்தைப் பார்த்துச் சரிபார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எனக்குப் பழக்கமான ஐந்தும் பின்னந்தலைகள்.

மறுநாள் காலை முதல் போன் விருது வாங்கியவரிடமிருந்து. படத்தில் அவர்தான் விருதுக்கு நிதி கொடுத்த நன்கொடையாளர். "தம்பி, அவ்வளவு பணம் எங்கேயிருந்து வந்துச்சுன்னு வீட்ல கேக்கிறாங்க" என்றார் பாவமாக. நன்கொடையாளர் அடுத்து வந்தார். தன் பணத்தில் தனக்கே விருது வாங்கிக்கொண்டதாக ஊரெல்லாம் சிரிக்கிறதாம். செயலாளர் பொருளாளர் ஆகியிருந்தார், பொருளாளர் செயலாளர் ஆகியிருந்தார். அவர்கள் இருவருக்கும் ஏற்கெனவே பேச்சுவார்த்தை கிடையாது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ஐந்தாவது போன் வந்தபோது ரிசீவரை எடுக்கவே கை வரவில்லை. சங்கத் தலைவர். ஐந்து பேரில் நடுவில் உட்கார்ந்திருந்தவர். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் மூன்றாவது. "அருமையா போட்டிருக்கீங்க தம்பி, பத்து பிரதி கிடைக்குமா?" என்றார்.

தலைமைத் துணை ஆசிரியர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. அப்புறம் போட்டோகிராபர் அண்ணன்தான் ஆறுதல் சொன்னார். 1948 அமெரிக்கத் தேர்தலில் தோற்ற டூயியை ஜெயித்துவிட்டதாக முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டது சிகாகோ டெய்லி டிரிப்யூன். அச்சுக்கோப்பவர்களின் வேலைநிறுத்தத்தால் வழக்கத்தைவிட முன்னதாகவே பக்கத்தை முடிக்க வேண்டியிருந்தது. முழு முடிவு வருவதற்குள் ஊகத்தில் அடித்துவிட்டார்கள். ஜெயித்த ட்ரூமன் அந்தப் பேப்பரைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிற படம் எங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. "அவங்க அதிபரையே மாத்தினாங்க, நீ பொருளாளரைத்தானே மாத்தினே" என்றார் அண்ணன். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் ட்ரூமன் போன் செய்து, வீட்டில் கேட்கிறார்கள் என்று சொல்லியிருக்க மாட்டார்.

திருத்தத்தை என்னையே எழுதச் சொன்னார்கள். முதலில் எழுதியது 110 வார்த்தை. மேடை, கூட்டம், பக்கவாட்டுப் படி, எல்லாம் அதில் இருந்தன. தலைமைத் துணை ஆசிரியர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "உன் கதை யாருக்கு வேணும்? சரியான வரிசை, வருந்துகிறோம், அவ்வளவுதான்" என்றார். மூன்று வருடமாக வகுப்பில் படித்த தலைகீழ் பிரமிடு அந்த நிமிடம்தான் புரிந்தது. முக்கியமானது மேலே, முக்கியமில்லாதது கீழே, இடம் போதாவிட்டால் கீழிருந்து வெட்டு. என்னுடையதில் முதல் வரிக்குக் கீழே இருந்த அத்தனையும் நான்தான்.

திருப்பி எழுதிக் கொடுத்தேன். பேனாவை எடுத்தார், படித்தார், ஒன்றும் செய்யாமல் மூடி வைத்தார். அந்த மாதத்திலேயே எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்தபோது வெட்டி வைத்திருந்ததைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"உன் பேரைக் காணோமே?"

"திருத்தத்துக்கெல்லாம் பேர் போட மாட்டாங்க, பெரியப்பா."

"நல்ல வேளை" என்று திருப்பிக் கொடுத்தார்.