கன்னியா கட்டுரையின் சான்றுகள் செத்துப்போகாமல் இருக்க

விக்கிப்பீடியாவில் திருகோணமலையின் கன்னியா வெந்நீர் ஊற்றுகளைப் பற்றியோ கோணேசர் கோவிலைப் பற்றியோ ஒரு வரி சேர்த்தால், சான்றாகக் காட்டும் பக்கத்தை அன்றைக்கே சேமித்துவிடுங்கள். இணைப்பு செத்த பிறகு தேடினால், யாராவது முந்திச் சேமித்திருந்தால்தான் உண்டு.

இணையப் பக்கங்களின் பிரதிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெசின் தளத்தில் 'சேவ் பேஜ் நவ்' பெட்டிக்குள் முகவரியை ஒட்டினால் போதும். கிடைக்கும் பிரதியின் முகவரியில் 14 இலக்கங்கள் இருக்கும்: ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி. அது கிரீன்விச் நேரம். திருகோணமலையில் விடியப்புறம் 5 மணிக்குச் சேமித்தால் முதல் நாள் திகதிதான் விழும். சான்றை நிரப்பும் விக்கிப்பீடியா வார்ப்புருவின் 'ஆர்கைவ்-டேட்' இடத்தில் அந்தத் திகதியையே போடுங்கள்.

பலரும் இதோடு எழும்பிப் போய்விடுகிறார்கள். பிரதியைத் திறந்து, நீங்கள் ஆதாரமாக எடுத்த வசனம் அதற்குள் இருக்கிறதா என்று பாருங்கள். ஏழு கிணறுகளின் வெப்பநிலை அட்டவணையை ஜாவாஸ்கிரிப்ட் நிரல் பிறகு கொண்டுவந்து நிரப்புகிற பக்கம் என்றால், பிரதியில் அந்த இடம் வெறுமையாகக் கிடக்கலாம். முகநூல் பதிவைச் சேமித்தால் பெரும்பாலும் உள்நுழைவுப் பக்கம்தான் மிஞ்சும். பழைய செய்தி இணைப்புகள் சத்தமில்லாமல் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடும். சேமிப்பும் 'வெற்றி' என்றே சொல்லும்.

எங்கள் ஊர்ப் பக்கத்துப் பழைய செய்தித் தளங்களுக்குத் தனித் தலையிடி ஒன்று உண்டு: பாமினி என்ற பழைய எழுத்துரு. யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறிமுறைக்கு முந்திய அந்தப் பக்கங்களின் பிரதியைத் திறந்தால், 'திருகோணமலை' என்ற சொல் ஜே, பி, யூ என்று தொடங்கும் பத்து ஆங்கில எழுத்துகளாக நிற்கும். பக்கம் பழுதில்லை, எழுத்துரு இல்லாததுதான் குறை. உரையைப் பிரதி எடுத்து, பாமினி மாற்றியில் போட்டு, தேவையான வசனத்தை வார்ப்புருவில் மேற்கோளுக்கான 'கோட்' (quote) பகுதியில் யூனிகோடில் இடுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் பின்னால் வருகிறவர் குப்பை என்று நினைத்து அழித்துவிடுவார்.

முகவரியிலேயே தமிழ் இருந்தால் அதுவும் ஒரு தொல்லை. 'கன்னியா' என்ற ஒரு சொல் சதவீதக் குறிகளோடு 63 குறிகளாக நீளும். ஒட்டும்போது வால் அறுந்துவிடாமல் பாருங்கள். நடுவில் நிமிர்ந்த கோடு (|) வந்தால் வார்ப்புரு அங்கேயே முறியும். அதைச் சதவீதக்குறி 7சி (%7C) என்று மாற்ற வேண்டும்.

மூலப் பக்கம் இன்னும் திறந்தால் 'யூஆர்எல்-ஸ்டேட்டஸ்' இடத்தில் 'லைவ்', போய்விட்டால் 'டெட்'. கைவிட்ட தளப் பெயரைச் சூதாட்டக்காரர் வாங்கியிருந்தால் 'யூசர்ப்ட்'. அப்போது மூல இணைப்பு காட்டப்படாததால் வாசகர் அந்தப் பக்கம் போகமாட்டார்.

செய்தி அச்சிலும் வந்திருந்தால் பத்திரிகையின் திகதியையும் பக்க எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் சேர்த்துவைக்கும் நூலகம் தளத்தில் அந்த இதழ் ஸ்கேன் செய்யப்பட்டிருந்தால் அந்த இணைப்பையும் கொடுக்கலாம்.