ஆவாரங்கட்டையும் எருக்கிலையும்

பெரியப்பா குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மறுபடியும் அதே ஃபார்வர்டைப் போட்டிருக்கிறார். நம் முன்னோர் அந்தக் காலத்திலேயே நானோ டெக்னாலஜி தெரிந்து வாள் செய்தார்களாம், வெள்ளைக்காரன் ரகசியத்தைத் திருடிக்கொண்டு போய்விட்டானாம். முழுப் பொய் என்று தள்ளவும் முடியவில்லை. 2006-ல் ஜெர்மனியின் ட்ரெஸ்டன் ஆய்வாளர்கள் ஒரு பழைய டமாஸ்கஸ் வாளில் (உடலில் அலை அலையாகக் கோடு ஓடும் வாள்) கார்பன் நானோ குழாய்களை, அதாவது கண்ணுக்கே தெரியாத கரிக் குழாய்களைப் பார்த்ததாக எழுதினார்கள், அந்த ரக வாள்களுக்குத் தென்னிந்திய எஃகு கப்பலேறியதும் நிஜம். ஆனால் அதைச் செய்தவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்பதைப் பற்றி ஃபார்வர்டில் ஒரு வரி கூட இல்லை.

சேலம் பக்கம் அந்த எஃகை எப்படிச் செய்தார்கள் என்று 19-ம் நூற்றாண்டுக் குறிப்புகள் இருக்கின்றன. உமி கலந்த களிமண்ணில் ஒரு சின்ன மூசை, அதாவது உருக்கும் கிண்ணம். அதற்குள் இரும்புத் துண்டு, கூடவே காய்ந்த ஆவாரங்கட்டை, மேலே ஒன்றிரண்டு எருக்கிலை. வாயைக் களிமண் வைத்து அடைத்து, உலையில் அடுக்கி, துருத்தி ஊத வேண்டியதுதான். கட்டையும் இலையும் கரியாகி, கரி இரும்பில் ஏறி, எஃகு அடியில் கட்டியாக உறையும்.

கொல்லர் மகனான மைக்கேல் ஃபாரடே 1819-ல் இந்தக் கட்டியைச் சோதித்துவிட்டு, விஷயம் அலுமினாவிலும் சிலிக்காவிலும் இருக்கிறது என்றார். தப்பு. 1998-ல் வெர்ஹோவன் என்ற பேராசிரியரும் பெண்ட்ரே என்ற கொல்லரும், வாளில் ஓடும் அலைக்கோடுகளுக்கு தாதுவோடு வரும் வனேடியம் போன்ற உலோகங்கள் காரணம் என்றார்கள், அதுவும் நூறு கிராமுக்குச் சில மில்லிகிராம்தான்! அப்படியென்றால் தாது வரும் இடம் மாறியதும் கோடு காணாமல் போயிருக்கும், எல்லாம் சரியாகச் செய்தும் ஏன் வரவில்லை என்று அந்தக் காலத்துக் கொல்லர் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பார்.

திருட்டெல்லாம் இல்லை. 1856-க்கு அப்புறம் உருகிய இரும்பில் காற்றை ஊதும் பெஸ்ஸமர் முறையில் மலிவான எஃகு வந்து குவிந்தது, காட்டில் கரி சுடுவதற்கும் கெடுபிடி, உலை வைத்திருந்தவர்கள் வேறு பிழைப்பு தேடிப் போனார்கள். எழுதி வைத்திருக்கலாமே என்று நானும் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

போன பொங்கலுக்கு ஊரில் கொல்லுப்பட்டறைக்குப் போனேன். பட்டறை அண்ணன் அரிவாளுக்குத் தோய்ச்சல் போட்டுக்கொண்டிருந்தார், விளிம்பில் வைக்கோல் நிறம் ஏறி வரும்போது சட்டென்று தண்ணீரில் விட்டார். எத்தனை விநாடிண்ணே என்றேன். "நிறத்தைப் பாரு தம்பி." விடாமல் ஃபோனில் டைமர் வைத்துப் பார்த்தேன், மூன்று அரிவாளுக்கு மூன்று வேறு நேரம் வந்தது.