லாக்-இன் முடியும் வருஷம்

பெங்களூரு வெளிவட்டச் சாலையில் இருக்கும் ஆபீஸ் கட்டடத்தின் வாடகையைக் காட்டிக் கடன் கேட்கும் ஃபைல் பெரும்பாலும் அழகாகவே இருக்கும். மாதம் 1 கோடி வாடகை, 75 லட்சம் தவணை, கவரேஜ், அதாவது தவணைக்கு எத்தனை மடங்கு வாடகை என்பது, 1.33. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர் பக்கம் வெள்ளத்தில் டிராக்டரில் ஏறி வேலைக்குப் போனார்களே, அந்த மாதமும் வாடகை எஸ்க்ரோவில், பேங்க் கண்காணிக்கும் தனிக் கணக்கில், விழுந்திருக்கும். பேங்க் ஸ்டேட்மென்ட்டில் வெள்ளம் தெரியாது.

தெரிவது லாக்-இன், அதாவது குத்தகைதாரர் காலி செய்ய முடியாத காலம், முடியும்போது. கடன் 12 வருஷம். லாக்-இன் மூன்று, மிஞ்சினால் ஐந்து. அதன்பின் குத்தகைதாரர் கிளம்பலாம், பேரமும் பேசலாம். 2024 கோடையில் போர்வெல் வறண்டபோது பராமரிப்புக் கட்டணத்தில் ஏறிய டேங்கர் செலவையும் அப்போது எடுத்து வைப்பார். வாடகை 15 சதவீதம் இறங்கினால் கவரேஜ் 1.13. ஆறு மாதம் காலியாகக் கிடந்தால் அந்த வருஷ வரவு 6 கோடி, தவணை 9 கோடி. இந்த இரண்டு கணக்கும் இல்லாத கிரெடிட் நோட் (கமிட்டிக்குப் போகும் கடன் ஆய்வுக் குறிப்பு) எனக்கு அரைகுறைதான்.

சைட் விசிட்டில் லாபி மார்பிளை ரசிக்காமல் நேரே பேஸ்மென்ட்டுக்கு இறங்க வேண்டும். கட்டடத்துக்குக் கரண்ட் பிரித்துத் தரும் எல்டி பேனல், ஃபயர் பம்பு, சம்ப் எல்லாம் பல கட்டடங்களில் அங்கேதான். பேனலுக்குள் தண்ணீர் புகுந்தால் லிஃப்ட், ஏசி மட்டுமல்ல, தண்ணீரை இறைக்கும் மோட்டாரும் நின்றுபோகும். ஜெனரேட்டர் மொட்டை மாடியில் இருந்தும் புண்ணியமில்லை. அதன் கரண்டும் அந்தப் பேனல் வழியாகத்தான் வர வேண்டும். சுவரில் மூன்றடி உயரத்துக்கு மட்டும் புது பெயிண்ட் இருந்தால் சந்தேகப்படுங்கள். எலக்ட்ரீஷியன் கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆளாக இருந்துவிட்டால் இன்னும் நல்லது. “அண்ணே, தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?” என்று கேட்டால் வேல்யூவர் ரிப்போர்ட்டில் இல்லாதது கிடைக்கும்.

பழைய கிராம வரைபடத்தையும் கர்நாடக அரசின் நில வரைபடச் செயலியான திஷாங்க்கையும் பக்கத்தில் வைத்து ராஜகாலுவே என்னும் மழைநீர்க் கால்வாய் எங்கே ஓடியது என்று பாருங்கள். 2015 மாஸ்டர் பிளான் கால்வாயின் தரத்துக்கேற்ப நடுக்கோட்டிலிருந்து 50, 25, 15 மீட்டர் விடச் சொன்னது. விட்டிருந்தால் அப்ரூவல் செல்லும். தண்ணீர் அந்தக் கோட்டோடு நிற்காது. மேலே உள்ள ஏரியின் உபரிநீர் வழியும் கலங்கல் எந்தப் பக்கம் என்பதையும் விசாரிக்க வேண்டும்.

இன்சூரன்ஸில் மூன்று ஓட்டை. பிரீமியம் குறைக்க வெள்ளப் பிரிவை நீக்கியிருப்பார்கள். வாடகை இழப்புக்குத் தனிக் காப்பு எடுத்திருக்க மாட்டார்கள். தொகையும் குறைவாக இருக்கும்: 100 கோடி கட்டடத்தை 60 கோடிக்குக் காப்பீடு செய்தால், 10 கோடி சேதத்துக்கு 6 கோடிதான் தேறும்.

இத்தனைக்கும் பதிலாகக் கடன் கமிட்டியில் வட்டியைக் கால் சதவீதம் ஏற்றச் சொல்வார்கள். வட்டி ஏறினால் தவணை ஏறும், கவரேஜ் இன்னும் மெலியும். பேனல் அதே பேஸ்மென்ட்டில்தான் இருக்கும். கடனில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, பேனலை மேலே ஏற்றி மின் ஆய்வுச் சான்று வந்தபிறகே விடுவிப்போம் என்று சாங்ஷன் லெட்டரில் (கடன் ஒப்புதல் கடிதத்தில்) எழுதுவதே உருப்படியான வழி.